ஆட்டம் மாறலாம், மூளை மாறுமா? ரக்பியிலிருந்து ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்குப் போன சோனி பில் வில்லியம்ஸின் கதை

இது கொஞ்சம் நீளமான இழை. விளையாட்டு வரலாறும் மருத்துவமும் கலந்தது. ரக்பி பார்த்ததே இல்லைன்னாலும் பரவாயில்லை, புரியும்படிதான் எழுதியிருக்கேன். வாங்க பார்ப்போம்.

1.
2009 மே 27. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். அன்றைய முக்கியப் போட்டி அந்தோணி முண்டைனுக்கும் டேனியல் கீலுக்கும். அதற்கு முன்னால் நடந்த துணைப் போட்டி ஒன்றில் 23 வயது இளைஞர் ஒருவர் ரிங்கில் ஏறினார். ஆறடி நாலு அங்குல உயரம், நூறு கிலோவைத் தாண்டிய எடை. எதிராளி கேரி குர். இரண்டாவது ரவுண்டிலேயே போட்டி முடிந்தது, இளைஞருக்கு வெற்றி.

அவர் பெயர் சோனி பில் வில்லியம்ஸ். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவர், அப்பா சமோவா வம்சாவளி. குத்துச்சண்டைப் பதிவேட்டில் அன்று அவர் பெயருக்கு நேராக இருந்தது 0 வெற்றி, 0 தோல்வி. அதாவது புது ஆள்.

இந்த "0"வை மனசுல வெச்சுக்கோங்க. இழை முழுக்க இதைப் பற்றித்தான்.

2.
உண்மையில் அவர் புது ஆளா? இல்லை.

ரக்பியில் இரண்டு வகை உண்டு. 13 பேர் ஆடுவது ரக்பி லீக். 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன். இரண்டிலும் ஓடி வருபவரை மோதிக் கீழே தள்ள வேண்டும், அதற்கு டேக்கிள் என்று பெயர். ஹெல்மெட் கிடையாது. சிலர் மெல்லிய தொப்பி போடுவார்கள். அது காதையும் தோலையும் காக்கும், மூளையைக் காக்காது.

சோனி பில் 2004ல், 18 வயதில், சிட்னியின் கேன்டர்பரி புல்டாக்ஸ் அணிக்காக லீக் ஆட வந்தார். வந்த ஆண்டே அணி சாம்பியன். அவருடைய தோள் மோதல் ஒன்று விழுந்தால் எதிராளி எழுந்திருக்க நேரமாகும் என்று பெயர் வாங்கினார். மோதல்ல ரெண்டு தலை இருக்கு என்பதை மட்டும் மறந்துடாதீங்க.

3.
2008 ஜூலையில் ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே யாரிடமும் சொல்லாமல் சிட்னியை விட்டுக் கிளம்பி பிரான்சின் தூலோன் அணிக்கு யூனியன் ஆடப் போய்விட்டார். பெரிய சர்ச்சை, நீதிமன்றம் வரை போய், பணம் கட்டித்தான் தீர்ந்தது.

அந்த நேரத்தில் அவருக்குத் துணை நின்றவர் அந்தோணி முண்டைன். மேலாளர் கோடர் நாசர் இருவருக்கும் பொது. அந்தக் காலத்தில் குடி, போதை என்று வாழ்க்கை தடம் மாறியதை சோனி பில் பின்னாளில் தானே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். குத்துச்சண்டைப் பயிற்சி அவருக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. அதனால் "பணத்துக்காகப் போனான்" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அதிகாலையில் எழுந்து ஓடுவதும் தினமும் ஜிம்முக்குப் போவதும் சில பேருக்கு மருந்து மாதிரி வேலை செய்யும்.

4.
முண்டைன் குடும்பக் கதை இங்கே முக்கியம். அந்தோணியின் அப்பா டோனி முண்டைன் ஆஸ்திரேலியப் பழங்குடியினத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர். 1974ல் புவெனஸ் அயர்ஸ் வரை போய் கார்லோஸ் மோன்சோனுடன் உலக மிடில்வெயிட் பட்டத்துக்கு மோதித் தோற்றவர். சிட்னி ரெட்ஃபெர்னில் அவர் நடத்திய ஜிம்மில்தான் சோனி பில்லும் பயிற்சி எடுத்தார்.

அந்தோணி 2000ல் லீக் ஆட்டத்தின் உச்சத்தில் இருக்கும்போதே சீசன் நடுவில் விலகி அப்பாவின் தொழிலுக்கு வந்தார். 2001 டிசம்பரில் ஜெர்மனியில் ஸ்வென் ஓட்கேவிடம் பத்தாவது ரவுண்டில் நாக் அவுட். 2003ல் ஆன்ட்வன் எக்கோல்ஸை வென்று டபிள்யூ.பி.ஏ. சூப்பர் மிடில்வெயிட் பட்டம். லீக்கிலிருந்து வந்தவனாலும் பட்டம் ஜெயிக்க முடியும் என்று ஒரு தலைமுறைக்கே காட்டியவர் அவர்.

5.
இன்னும் பின்னால் போனால் 1908. சிட்னிக்காரர் ஸ்னோவி பேக்கர். 1904ல் பிரிட்டன் அணிக்கு எதிராக ஆஸ்திரேலியாவுக்கு ரக்பி யூனியன் ஆடியவர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மிடில்வெயிட் குத்துச்சண்டையில் வெள்ளி வாங்கினார். இறுதிப் போட்டியில் அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? பின்னாளில் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாக இருந்த ஜானி டக்ளஸ்!

அதே 1908 டிசம்பர் 26ல் சிட்னியில்தான் ஜாக் ஜான்சன் டாமி பர்ன்ஸை வென்று உலக ஹெவிவெயிட் சாம்பியனான முதல் கறுப்பினத்தவர் ஆனார். அந்த ஊரில் ரக்பியும் குத்துச்சண்டையும் நூறு வருடமாக அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்.

6.
சரி, ஏன் குறிப்பாக ஹெவிவெயிட்?

குத்துச்சண்டையில் எல்லாப் பிரிவுக்கும் எடையில் மேல் வரம்பு உண்டு. ஹெவிவெயிட்டுக்கு மட்டும் இல்லை. தொழில்முறையில் 200 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 90.7 கிலோவைத் தாண்டினால் ஹெவிவெயிட்தான். 92 கிலோக்காரரும் 120 கிலோக்காரரும் ஒரே ரிங்கில் நிற்கலாம்.

ரக்பியின் முன்வரிசை ஆட்கள் பலரும் நூறு கிலோவுக்கு மேல். அவர்களுக்கு இயல்பாகவே திறந்திருக்கும் கதவு இது. எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, உடம்பில் தண்ணீரை வற்ற வைக்க வேண்டியதில்லை. ஒரு டாக்டரா இதை நல்ல விஷயம்னுதான் சொல்வேன்.

கெட்ட விஷயம் என்ன? எதிரில் இருப்பவரும் நூறு கிலோ.

7.
உடம்பு எவ்வளவு தயார்? ரக்பி 80 நிமிட ஆட்டம். ஓட்டம், மோதல், இடையிடையே மூச்சு வாங்க நேரம். குத்துச்சண்டையில் மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு, திரும்பவும் மூன்று நிமிடம். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பைத் திருப்பிக் குத்த வேண்டும். குத்து வரும்போது கண்ணை மூடாமல் இருக்கப் பழக வேண்டும்.

நுரையீரல் பழகும். தசை பழகும். கழுத்துத் தசையைப் பலப்படுத்தினால் தலை ஆடுவது ஓரளவு குறையும். ரக்பிக்காரர்களுக்கு அது ஏற்கெனவே உண்டு.

மூளைக்கு மட்டும் பயிற்சி கிடையாது. அடி வாங்கி வாங்கி "மரத்துப்போன" மூளை என்று ஒன்று இல்லவே இல்லை.

8.
மூளை சுமார் 1300 முதல் 1400 கிராம். மண்டையோட்டுக்குள் தண்ணீர் போன்ற ஒரு திரவத்தில் மிதக்கிறது. கெட்டித் தயிர் மாதிரி மென்மை. தாடையில் பக்கவாட்டில் ஒரு குத்து விழுந்தால் தலை சட்டென்று திரும்பும். மண்டையோடு உடனே திரும்பிவிடும், உள்ளே மூளை ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். அந்த ஒரு கண வித்தியாசத்தில் நரம்பிழைகள் இழுபடும், முறுக்கப்படும்.

ரக்பி டேக்கிளிலும் இதேதான். தலையில் நேராக அடி படவே வேண்டாம். நெஞ்சில் பலமாக மோதினாலும் தலை முன்னும் பின்னும் உதறும்.

கையுறை போட்டா பாதுகாப்புதானேன்னு கேப்பீங்க. கையுறை காப்பது குத்துபவரின் கை எலும்பை. கை வலிக்காததால் தலையில் இன்னும் பலமாகக் குத்தலாம், அவ்ளோதான்.

9.
மருத்துவ உலகம் இதை எப்போது கண்டுகொண்டது? 1928ல். அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லேண்ட். குத்துச்சண்டை வட்டாரத்தில் "பஞ்ச் டிரங்க்" என்று கேலியாகச் சொல்லப்பட்ட தள்ளாட்டம், குழறல், மந்தம் எல்லாம் மூளைக் காயத்தால் வருவது என்று கட்டுரை எழுதினார். ரேடியம் பூசும் தொழிற்சாலையில் வேலை பார்த்து நோயுற்ற பெண்களின் பாதிப்பை ஆராய்ந்தவரும் இவரே.

1973ல் பிரிட்டனில் கோர்செலிஸ் குழு, இறந்துபோன 15 முன்னாள் குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து சேதத்தை விரிவாகப் பதிவு செய்தது.

2002ல் பிட்ஸ்பர்க்கில் நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமாலு, அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் அதே வகைச் சேதத்தைக் கண்டார். குத்துச்சண்டைக்காரர்களின் நோய் என்று நினைத்தது, தலை மோதும் மற்ற ஆட்டத்துக்கும் பொது என்று அப்போதுதான் உலகம் பேச ஆரம்பித்தது.

10.
இந்த நோய்க்கு இன்றைய சுருக்கப் பெயர் சி.டி.இ. திரும்பத் திரும்ப விழும் அடிகளால் வருடக்கணக்கில் மெதுவாக வளரும் மூளைச் சிதைவு. டாவ் என்ற புரதம் உருமாறி, மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றிப் படிகிறது. மறதி, கோபம், மனச்சோர்வு, கடைசியில் டிமென்ஷியா.

இதில் இரண்டு கொடுமை. ஒன்று, மயங்கி விழும் பெரிய அடி மட்டும் காரணமில்லை, அறிகுறியே இல்லாத சின்னச் சின்ன அடிகளும் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு, உயிரோடு இருக்கும்போது உறுதி செய்ய வழியில்லை. இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்டு.

11.
இப்போது சோனி பில் கதைக்கு வருவோம். 2010ல் ரயன் ஹோகன், 2011ல் ஸ்காட் லூயிஸ், அப்புறம் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்க நிவாரணத்துக்கு நிதி திரட்டும் போட்டியில் அலிபாட்டே லியாவா. எல்லாம் வெற்றி. அதே 2011ல் யூனியன் உலகக்கோப்பை வென்ற நியூசிலாந்து அணியிலும் இருந்தார். 2012 பிப்ரவரியில் ஹாமில்டனில் கிளாரன்ஸ் டில்மேனை முதல் ரவுண்டிலேயே முடித்து நியூசிலாந்து ஹெவிவெயிட் பட்டம்.

"ஆள் பார்த்துப் பொறுக்கிய எதிராளிகள்" என்ற விமர்சனம் அப்போதே இருந்தது. நியாயமும் உண்டு. வயதானவர்கள், அதிகம் பெயர் தெரியாதவர்கள். ஆனால் ஒரு டாக்டர் கண்ணோட்டத்தில் இன்னொன்றும் சொல்லணும். புதிதாக வருபவருக்கு லேசான எதிராளியைத் தருவது பாதுகாப்பு. ரசிகனுக்கு ஏமாற்றம், மூளைக்கு லாபம்.

12.
உண்மையான சோதனை 2013 பிப்ரவரி 8. எதிராளி தென்னாப்பிரிக்காவின் ஃபிராங்கோய்ஸ் போத்தா. 44 வயது. மைக் டைசன், லெனாக்ஸ் லூயிஸ், ஹோலிஃபீல்ட் எல்லோரிடமும் மோதித் தோற்ற பழைய கை.

முதல் பாதியில் சோனி பில் கை ஓங்கியிருந்தது. கடைசி ரவுண்டுகளில் கிழவர் குத்த ஆரம்பித்தார். இளைஞர் எதிராளியைக் கட்டிப்பிடித்து நேரம் கடத்தும் நிலை. 12 ரவுண்டு என்று சொல்லப்பட்ட போட்டி 10 ரவுண்டோடு முடிந்தது. பாயிண்ட்ஸில் சோனி பில் வெற்றி, போத்தா தரப்பு கொந்தளித்தது.

எல்லாரும் அந்த ரெண்டு ரவுண்டு எங்கே போச்சுன்னு கேட்டாங்க. நான் கேக்க நினைக்கிறது வேற.

13.
அந்தச் சில மாதங்களின் நாட்காட்டியைப் பாருங்க.

2012 இலையுதிர் காலத்தில் ஜப்பானில் பானாசோனிக் அணிக்கு யூனியன் ஆடுகிறார். அங்கே மார்புத் தசை கிழிகிறது. அறுவை சிகிச்சை. நவம்பரில் நடக்க வேண்டிய போத்தா போட்டி அதனால்தான் பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. பிப்ரவரி 8ல் பத்து ரவுண்டு ஹெவிவெயிட் சண்டை. மார்ச் தொடக்கத்தில், ஒரு மாதம் முடியும் முன்பே, சிட்னி ரூஸ்டர்ஸ் அணிக்காக லீக் சீசனின் முதல் ஆட்டம். அந்த வருடம் அந்த அணிதான் சாம்பியன்.

இரண்டு நாடு, மூன்று ஆட்டம், ஒரே தலை.

மார்புத் தசை கிழிந்ததற்காகப் போட்டி தள்ளிப்போனது. தசை கிழிந்தால் ஸ்கேனில் தெரியும், வலிக்கும், கை தூக்க முடியாது. மூளை அப்படிப் புகார் சொல்லாது.

14.
நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

குத்துச்சண்டையில் விதி உண்டு. நாக் அவுட் ஆனவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி சண்டை போட விடமாட்டார்கள். ரக்பி யூனியனிலும் விதி உண்டு. 2012ல் தலையில் அடிபட்டவரை வெளியே அழைத்துச் சோதிக்கும் முறையைச் சோதனையாகத் தொடங்கி, பிறகு நிரந்தரமாக்கினார்கள். படிப்படியாகத்தான் ஆட்டத்துக்குத் திரும்பலாம்.

ஒவ்வொரு ஆட்டமும் தன் கணக்கை ஓரளவு ஒழுங்காக எழுதுகிறது. ஆனால் ஆட்டம் மாறும்போது கணக்குப் புத்தகமும் புதிது. குத்துச்சண்டைப் பதிவேட்டில் ரக்பி டேக்கிள்கள் ஏறாது. அதனால்தான் அந்த "0".

அரசு மருத்துவமனையில் எங்களுக்கு இது நல்லாப் பழக்கப்பட்ட சிக்கல். பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதுவும் இல்லாமல் ஒரு நோயாளி வருவார். "இதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்பார். சட்டையைத் தூக்கினால் ஆபரேஷன் தழும்பு இருக்கும். உடம்புக்குப் பழைய சீட்டு தேவையில்லை, அது எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கும்.

15.
பிறகு? 2015 ஜனவரியில் சான்சி வெல்லிவரை வென்றார். அதே வருடம் இரண்டாவது முறை உலகக்கோப்பை. இறுதிப் போட்டி முடிந்ததும் மைதானத்துக்குள் ஓடி வந்த ஒரு சிறுவனின் கழுத்தில் தன் பதக்கத்தையே போட்டுவிட்டார். அந்த மனசுக்காகவே அவரைப் பலருக்குப் பிடிக்கும், எனக்கும்தான்.

2021ல் மறுபடி ரிங். 2022 மார்ச்சில் ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் பேரி ஹாலை முதல் ரவுண்டில் வீழ்த்தினார். 2022 நவம்பர் 5ல் முதல் தோல்வி, மார்க் ஹண்டிடம், நான்காவது ரவுண்டில். 2025 ஜூலையில் சிட்னியில் இன்னொரு லீக் நட்சத்திரம் பால் கேலனிடம் பாயிண்ட்ஸில், நடுவர்கள் தீர்ப்பு பிளவுபட்ட நிலையில், தோல்வி. அப்போது அவருக்கு 40 வயது நெருங்கிவிட்டது, கேலனுக்கு 43. மொத்தம் 9 வெற்றி, 2 தோல்வி.

16.
அந்த மார்க் ஹண்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2001ன் கே-1 கிக் பாக்சிங் சாம்பியன், பிறகு யு.எஃப்.சி. வீரர். 2017ல் அவரே ஒரு கட்டுரை எழுதினார். பேச்சு திக்குகிறது, குழறுகிறது, தூக்கம் சரியில்லை, நேற்று நடந்தது மறக்கிறது என்று. அதைப் படித்த யு.எஃப்.சி. அவரை ஒரு போட்டியிலிருந்து நீக்கியது. அவர் கடும் கோபம் கொண்டார். பரிசோதனைகள் முடிந்து மறுபடி ஆட வந்தார்.

உண்மையைச் சொன்னவருக்குக் கிடைத்தது வேலை இழப்பு. அப்புறம் எந்த வீரன் டாக்டரிடம் வாய் திறப்பான்?

17.
இன்னொரு பெயர். ஸ்டீவ் ஃபோக்ஸ். 2004ல் சோனி பில் அறிமுகமானபோது புல்டாக்ஸ் அணிக்குப் பயிற்சியாளர். தானும் அதே அணிக்கு நீண்ட காலம் ஆடியவர். 2018 பிப்ரவரியில் 59 வயதில் மாரடைப்பால் இறந்தார். அவர் மூளையைக் குடும்பம் ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. 2019ல் சிட்னி ஆய்வாளர்கள் முதல்முறையாக லீக் வீரர்கள் இருவரின் மூளையில் சி.டி.இ. இருப்பதை வெளியிட்டார்கள். அதில் ஒருவர் ஃபோக்ஸ்.

யூனியன் பக்கம் ஸ்டீவ் தாம்சன். 2003ல் உலகக்கோப்பை வென்ற இங்கிலாந்து வீரர். 2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு டிமென்ஷியா என்று அறிவித்தார். கோப்பை வென்றதே ஞாபகம் இல்லை என்றார்.

2022ல் ஸ்காட்லாந்து ஆய்வு, 412 முன்னாள் சர்வதேச ரக்பி வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. நரம்புச் சிதைவு நோய் வரும் வாய்ப்பு வீரர்களுக்குச் சுமார் இரண்டரை மடங்கு.

18.
ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சோனி பில்லுக்கு நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காத ஒருவருக்கு நோய் எழுதுவது மருத்துவம் கிடையாது. அடி வாங்கிய எல்லாருக்கும் சி.டி.இ. வருவதும் இல்லை. 16 வருடத்தில் 11 சண்டை என்பது தொழில்முறை குத்துச்சண்டைக்கு மிகக் குறைவு. ரக்பியின் ஒரு முழு சீசனில் அதைவிட அதிகம் தலை குலுங்கியிருக்கலாம்.

ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் பின்னால் கூட்டம் பார்க்காத ஸ்பாரிங் உண்டு. அதை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாத அடியும் அடிதான்.

19.
ஆட்டம் மாறுவதைத் தடுக்கச் சொல்லவில்லை. வயது வந்தவர், தெரிந்து எடுக்கும் முடிவு, மதிக்கணும். "தெரிந்து" என்ற சொல்தான் இங்கே முக்கியம். ஒரு வீரர் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் அவருடைய தலைக்காயக் கணக்கு கூடவே போக வேண்டும். உரிமம் தரும் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை குத்துச்சண்டை?" என்பது மட்டும் போதாது, "இதுவரை எத்தனை தடவை தலையில் அடி?" என்பதும் வேண்டும். உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனை வராது என்ற உறுதியும் வேண்டும்.

20.
கடைசியாக, உங்கள் வீட்டுக்கு. பிள்ளை கபடி ஆடலாம், கால்பந்து ஆடலாம், பாக்சிங் கற்கலாம். தாராளமாக அனுப்புங்க. ஆனால்:

- தலையில் அடிபட்ட பிறகு தலைவலி, தலைசுற்றல், குழப்பம், நடந்தது ஞாபகமில்லாமை இருந்தால் அன்று அந்த ஆட்டம் முடிந்தது. "தண்ணி தெளிச்சு" திரும்ப இறக்காதீங்க. முதல் அடி ஆறும் முன் விழும் இரண்டாவது அடி உயிருக்கே ஆபத்தாகலாம்.

- திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத மயக்கம், கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர் வடிந்தால் உடனே மருத்துவமனை.

- "சி.டி. ஸ்கேன் நார்மல்" என்றால் ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இல்லை என்று அர்த்தம். கன்கஷன் இல்லை என்று அர்த்தமில்லை. அறிகுறி முழுக்கப் போன பிறகு, மருத்துவர் சொன்ன பிறகு, படிப்படியாகத்தான் ஆட்டம்.

- எந்தத் தேதியில், எந்த ஆட்டத்தில், எப்படி அடிபட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. பள்ளி மாறலாம், கோச் மாறலாம், ஆட்டம் மாறலாம். அந்த நோட்டு மாறாமல் கூடவே போகட்டும்.

புது ஆட்டத்தில் ஸ்கோர் பலகை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். மூளையின் கணக்கு அப்படித் தொடங்குவதில்லை.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.